பவர் டேபிளிலிருந்து நகராட்சி டெண்டருக்கு

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் சாலையில் திருமுருகன்பூண்டியைக் கடக்கும்போது உளிச் சத்தம் கேட்கும். சாலையோரச் சிற்பக் கூடங்களில் நந்தியும் பிள்ளையாரும் பாதி செதுக்கிய கோலத்தில் காத்திருப்பார்கள். உள்வீதிகளுக்குள் திரும்பினால் சத்தம் மாறும். ஓவர்லாக், ஃப்ளாட்லாக், காஜா பட்டன் என்று மெஷின்களின் ஓட்டம். கோயில்களுக்குச் சிலையும் கடல் தாண்டிய கடைகளுக்குப் பனியனும் அனுப்புகிற ஊர் இது. இங்கே பவர் டேபிள் யூனிட் என்று சொல்லப்படும் சிறு தையல் கூடத்தை நடத்துகிறவரிடம், "உங்க நகராட்சிக்கு ஏதாவது சப்ளை பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் காண்டிராக்டருங்க சமாச்சாரமுங்க" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கிற பதில்.

அந்தப் பதிலை இன்று கொஞ்சம் மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கிறது. பேரூராட்சியாக இருந்த திருமுருகன்பூண்டி 2021இல் நகராட்சியாகத் தரம் உயர்ந்தது. ஊர் வளர வளர அலுவலகமும் வளரும், வாங்க வேண்டிய பொருளும் செய்ய வேண்டிய வேலையும் கூடும். இன்னொரு பக்கம், 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, ஆண்டுக்கு ரூ.40,000 கோடிக்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூர் வட்டாரம் ஆடிப்போனது. பெரிய ஏற்றுமதியாளர் ஓர் ஆர்டரை நிறுத்தி வைத்தால், அவரை நம்பி ஜாப் ஒர்க் எடுக்கும் சிறிய யூனிட்டில் அடுத்த வாரமே மெஷின் நிற்கும். நகராட்சி ஆர்டர் ஏற்றுமதிக்கு ஈடாகாது. அளவு மிகச் சிறியது. ஆனால் தூய்மைப் பணியாளரின் சீருடையை எந்த நாட்டு வரியும் நிறுத்திவிடாது.

ஒரு நகராட்சி என்னவெல்லாம் வாங்கும்? சாலை, சாக்கடை, குடிநீர்க் குழாய், கட்டடம் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. அதற்கு வெளியே ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. தூய்மைப் பணியாளருக்குச் சீருடை, கையுறை, ஒளிரும் பட்டை வைத்த மேல்சட்டை. பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, கொசு மருந்து. தெருவிளக்குப் பராமரிப்பு, மோட்டார் ரீவைண்டிங், வாகனங்களுக்கு உதிரிபாகம், பதிவேடு அச்சடித்தல், பள்ளிக்கு மேசை நாற்காலி, வாடகை வண்டி, பெயர்ப்பலகை. இதில் பாதிக்கு மேல் ஒரு சாதாரணப் பட்டறையோ கடையோ செய்து கொடுக்கக்கூடியவை. வாரச்சந்தைக் குத்தகை, சைக்கிள் ஸ்டாண்ட் ஏலம் போன்றவை தனி வகை. அங்கே பணம் நகராட்சிக்குப் போகிறது, அதிகம் கேட்டவருக்கே கிடைக்கும்.

வாங்குவதற்கு உரிய வழி, தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. அதன் விதிகள் 2000இல் வந்தன. மாநில அரசுத் துறைகள் மட்டுமின்றி உள்ளாட்சிகளும் இதற்குள் அடங்கும். ஊர்த் தொழில்முனைவோர் இந்தச் சட்டத்தில் நாலைந்து விஷயங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ரூ.2 கோடி வரையிலான டெண்டருக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் தர வேண்டும். அதைக் குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதி வைத்து அனுமதிக்க வேண்டும். முன்வைப்புத் தொகை, அதாவது எல்லோரும் இ.எம்.டி. என்று சொல்வது, சாதாரணமாக மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சொந்தமாக உற்பத்தி செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தத் தொகையிலிருந்து அரசு விலக்கும் அளிக்கிறது. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் விலக்குப் பத்தி இருக்கிறதா, அதற்கு என்ன சான்று கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதாக இருந்தால் மிகக் குறைந்த விலை கொடுத்தவரிடம் மட்டுமே பேசலாம். முடிவு அநியாயம் என்று தோன்றினால், உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இவ்வளவும் தாளில் இருக்கிற உரிமைகள். நடைமுறையில் முதல் தடை கம்ப்யூட்டர் திரையில் வருகிறது.

தமிழ்நாடு அரசின் மின்னணு டெண்டர் இணையதளத்தில் பெயரைப் பதிவு செய்ய, மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையெழுத்துச் சான்று வேண்டும். விரல் அளவு டோக்கனில் அதைப் போட்டுத் தருவார்கள். டெண்டரைத் திறந்தால் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று தகுதி ஆவணங்களுக்கு, மற்றொன்று விலைக்கு. விலைப்பட்டியல் ஓர் எக்செல் கோப்பாக வரும். அதில் நிறம் தீட்டிய கட்டங்களில் மட்டும் உங்கள் பெயரையும் விலையையும் நிரப்ப வேண்டும். மொத்தத் தொகையை அதுவே எழுத்தால் காட்டிவிடும். ஒரு வரியைக் கூட்டினாலோ, கோப்பின் பெயரை வசதிக்காக மாற்றிச் சேமித்தாலோ விண்ணப்பமே செல்லாது. நல்ல விலை கொடுத்தவர் இப்படி ஒரு கோப்புப் பெயரால் வெளியேறுவது வருத்தமான விஷயம், ஆனால் தவிர்க்கக்கூடியது. அதேபோல் கடைசி நாள் மாலை 3 மணி என்றால், கணக்கு சர்வர் கடிகாரத்துக்குத்தான். முந்தைய நாளே ஏற்றிவிடுகிறவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

அந்த இணையதளத்தில் பலரும் கவனிக்காத ஒரு வசதி உண்டு. முடிந்துபோன டெண்டர்களின் நிலவரத்தை லாகின் இல்லாமலேயே பார்க்கலாம். யார் யார் கலந்துகொண்டார்கள், யார் தகுதிச் சுற்றில் விழுந்தார்கள், எந்த விலைக்கு யாருக்குப் போனது என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கே கிடக்கும். புதிதாக வருகிறவர் முதல் டெண்டர் போடுவதற்கு முன், பக்கத்து நகராட்சிகளின் பழைய முடிவுகளை ஒரு மாலை உட்கார்ந்து படித்தால், சந்தை விலை கையில் கிடைத்துவிடும். வெளிநாட்டு பையிங் ஹவுஸுக்கு ஒரு டி ஷர்ட்டுக்கு நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று பைசா வரை காஸ்டிங் போட்டுக் கொடுக்கிற ஊருக்கு இந்தக் கணக்கு பெரிய விஷயமே இல்லை.

அடுத்த தடை, தகுதி நிபந்தனை. 'கடந்த மூன்று ஆண்டில் இத்தனை லட்சத்துக்கு இதேபோன்ற பொருள் அரசுக்கு வழங்கியிருக்க வேண்டும்' என்ற ஒரு வரி புதியவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். இந்த வரிகளுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை 1979இல் உச்ச நீதிமன்றம் ஒரு சாப்பாட்டுக் கடை வழக்கில் சொன்னது. பம்பாய் விமான நிலையத்தில் இரண்டாம் தர உணவகம் நடத்த, ஐந்து ஆண்டு அனுபவமுள்ள பதிவுபெற்ற ஓட்டல்காரர்கள்தான் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரம் செய்துவிட்டு, அந்தத் தகுதி இல்லாதவருக்கே விமான நிலைய ஆணையம் ஒப்பந்தம் கொடுத்தது. ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு என்று சட்டம் படிக்கிறவர்கள் அனைவருக்கும் தெரிந்த அந்தத் தீர்ப்பில், தான் போட்ட நிபந்தனைக்கு அரசு அமைப்பும் கட்டுப்பட்டதே என்று நீதிபதி பகவதி எழுதினார். ஆனால் வழக்குப் போட்டவர் தாமதமாக வந்ததையும் கணக்கில் எடுத்து, கொடுத்த ஒப்பந்தத்தை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. நியாயம் கேட்கிறவர் சீக்கிரம் கேட்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிற பாடம்.

2025 அக்டோபரில் இன்னொரு தீர்ப்பு வந்தது. பள்ளிகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கும் சத்தீஸ்கர் அரசின் டெண்டரில், அந்த மாநில அரசு அமைப்புகளுக்கே முன்பு சப்ளை செய்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. எல்லோருக்கும் சமமான களத்தை அது மறுக்கிறது என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 'எங்கள் ஊர்க்காரருக்கு மட்டும் கொடுங்கள்' என்று நகராட்சியைக் கேட்கவும் சட்டத்தில் இடமில்லை.

அப்படியானால் உள்ளூர்த் தொழிலுக்கு நகராட்சி எப்படித்தான் கைகொடுப்பது? இதற்கு நல்ல விடை சொன்ன ஊர் இங்கிலாந்தில் இருக்கிறது. லங்காஷயரில் உள்ள பிரஸ்டன், ஒரு காலத்தில் பருத்தி மில்களால் வாழ்ந்த ஊர். சுமார் 700 மில்லியன் பவுண்டு வணிக வளாகத் திட்டம் ஒன்று 2011இல் கைவிடப்பட்டபோது, வெளியிலிருந்து பெரிய முதலீடு வந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கை போனது. நகர மன்றம் திரும்பித் தன் ஊரையே பார்த்தது. மன்றம், மாவட்டக் கவுன்சில், பல்கலைக்கழகம், காவல்துறை போன்ற அமைப்புகள் வாங்குகிற பொருளுக்கான பணம் எங்கே போகிறது என்று கணக்கெடுத்தார்கள். 2012-13இல் அந்தச் செலவில் பிரஸ்டனுக்குள் தங்கியது 5 சதவீதம்தான். 2016-17இல் அது 18.2 சதவீதமானது. சுற்றியுள்ள லங்காஷயரையும் சேர்த்துப் பார்த்தால் 39 சதவீதத்திலிருந்து 79.2 சதவீதமாக உயர்ந்தது.

ஊர்க்காரருக்கு முன்னுரிமை தரக் கூடாது என்ற விதி அங்கேயும் இருந்தது. அவர்கள் செய்தது எளிய காரியம். பள்ளி உணவுக்கான ஒரே பெரிய ஒப்பந்தத்தை முட்டை, தயிர், சாண்ட்விச் சாமான் என்று பல துண்டுகளாக்கித் தனித்தனியாக டெண்டர் விட்டார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம். போட்டியிட்டு அத்தனையையும் வென்றவை, லங்காஷயர் விவசாயிகளிடம் வாங்கும் உள்ளூர் நிறுவனங்கள். டெண்டர் சின்னதானவுடன் சின்னவர்களின் கைக்கு அது எட்டியது. கட்டுரையின் மையம் இதுதான்: உள்ளூர்த் தொழில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் விலையைப் பார்த்து அல்ல, டெண்டரை எந்த அளவில் வெட்டுகிறார்கள் என்பதைப் பார்த்து.

துணியை எப்படி வெட்டினால் வீணாகாது என்று கட்டிங் மாஸ்டருக்குத் தெரிவதுபோல், டெண்டரை எப்படி வெட்டினால் ஊருக்குப் பயன் என்று பொறியியல் பிரிவுக்கும் சுகாதாரப் பிரிவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். டெண்டர் வைப்பதையே தவிர்ப்பதற்காக ஒரு கொள்முதலைச் சின்னச் சின்ன பில்களாக உடைப்பது தவறு, தணிக்கையில் மாட்டும். சீருடைக்கு ஒன்று, கையுறைக்கு ஒன்று, மேல்சட்டைக்கு ஒன்று என்று பொருள்வாரியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் முறைப்படி டெண்டர் வைப்பது அப்படி அல்ல. 'துப்புரவுப் பொருள்கள் மொத்தமாக' என்று ஒரே டெண்டர் வைத்தால், துடைப்பமும் பினாயிலும் சீருடையும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய ஒரு பெரிய வியாபாரிதான் வர முடியும். தைக்கிறவர் அவரிடம் போய் ஜாப் ஒர்க்தான் கேட்க வேண்டும்.

பெரிய அளவில் கட்டியே ஆக வேண்டிய வேலைகளும் உண்டு. திருப்பூரின் குடிநீர்த் திட்டம் அப்படிப்பட்டது. தமிழக அரசு, ஐ.எல். அண்டு எஃப்.எஸ். நிதி நிறுவனம், திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் ஆகியவை முன்னெடுத்து 1995இல் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம் உருவானது. சுமார் ரூ.1,000 கோடிச் செலவில் 2005இல் தண்ணீர் வந்தது. தொலைவில் உள்ள ஆற்றிலிருந்து நீர் கொண்டுவருவதைத் துண்டு துண்டாகச் செய்ய முடியாது. சீருடை டெண்டரை அந்தக் கண்ணோடு பார்க்கத்தான் தேவையில்லை.

சிறியவர்கள் சேர்ந்து பெரிதாக நின்ற உதாரணங்களும் கண்முன் இருக்கின்றன. புனேயில் குப்பை பொறுக்கி வாழ்ந்த பெண்கள் முதலில் சங்கமானார்கள். பிறகு 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பாகி, 2008இல் புனே மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு, வீடு வீடாகக் குப்பை வாங்கும் வேலையை முறையாக எடுத்தார்கள். தமிழ்நாட்டில் 1983இல் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டத்தின் உற்பத்தி கைத்தறி, விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போகிறது. மாணவர் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. ஒரு தனித் தறிக்காரரோ தையல்காரரோ அரசோடு நேரே ஒப்பந்தம் போட்டிருக்க முடியாது, சங்கம் போட்டது. சாயக் கழிவுநீருக்காக 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சேர்ந்து நடத்தி மீண்டெழுந்த வட்டாரம் இது. சேர்ந்து நிற்பது இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டிய வித்தையல்ல.

சேர்வது என்றதும் ஓர் எச்சரிக்கை. சேர்ந்து உற்பத்தி செய்வது வேறு, 'இந்தத் தடவை உனக்கு, அடுத்த தடவை எனக்கு' என்று பேசி வைத்து விலை போடுவது வேறு. இரண்டாவது, 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதேபோல், நகர்மன்ற உறுப்பினர் தன் நகராட்சியின் ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருந்தால் பதவியே போகும். கவுன்சிலர் ஆன அண்ணன் பெயரில் இருந்த கடையைத் தம்பி பெயருக்கு மாற்றி டெண்டர் போடலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

டெண்டர் கிடைத்தாயிற்று. சிறிய தொழிலை உண்மையில் சோதிப்பது இதற்குப் பிறகுதான். கட்டுமான வேலை என்றால் ஜே.இ., அதாவது இளநிலைப் பொறியாளர், அளந்து அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். பொருள் என்றால் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். பிறகு பில் மேசை மேசையாக நகரும். ரூ.10 லட்சத்துக்கு வேலை செய்த தனிநபர் ஒப்பந்ததாரருக்கு முழுத் தொகையும் வராது. ஜி.எஸ்.டி.க்காக 2 சதவீதம், அதாவது ரூ.20,000, வருமான வரிக்காக 1 சதவீதம், ரூ.10,000, பில்லிலேயே பிடிப்பார்கள். இரண்டும் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரவு வைக்கப்படும். ஆனால் உடனே கையில் இருக்காது. பாதுகாப்பு வைப்புத்தொகை வேறு பிடிபட்டிருக்கும். விலை போடும்போதே இந்தப் பணம் எத்தனை மாதம் முடங்கும், அதற்கு வட்டி என்ன என்று சேர்க்காதவர்கள் டெண்டரை ஜெயித்துத் தொழிலில் தோற்கிறார்கள். வாரச் சம்பளம் சனிக்கிழமை கொடுக்க வேண்டிய ஊரில் இது சாதாரண விஷயமல்ல.

இங்கே ஒரு சட்டம் துணை நிற்கிறது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், பொருளை ஏற்ற 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டியோடு. வாங்கியது நகராட்சி என்பதால் விலக்கு கிடையாது. புகார் செய்ய வசதியாக்கக் குழுமங்கள் இருக்கின்றன, கோவையிலும் ஒன்று உண்டு. இதற்கு 'உத்யம்' பதிவு முன்கூட்டியே இருக்க வேண்டும். 2020 ஜூலை 1 முதல் நடக்கிற அந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டாம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு கிடைத்தாலும் இந்த 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. சாலை, கட்டடம் போன்ற வேலை ஒப்பந்தங்களுக்கு இது பொருந்துமா என்பதில் நீதிமன்றங்களிடையே கருத்து வேறுபாடு இருந்துவந்திருக்கிறது. தன் மெஷினில் தைத்துக் கொடுக்கிறவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

சட்டம் இருந்தும் சிறிய சப்ளையர்கள் புகார் கொடுக்கத் தயங்குவார்கள். அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானதே. அதனால் பில்லைக் காலத்தில் தீர்க்கும் பொறுப்பை நகராட்சிகள் தாமாக எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தத் தேதியில் வந்த பில், எந்தத் தேதியில் பணம் போனது என்று ஒரு பட்டியலை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலே நிலைமை பாதி சீராகும். நம்பிக்கை வந்தால் அதிகம் பேர் போட்டியிடுவார்கள், விலையும் இறங்கும்.

இதையெல்லாம் கேட்பதற்கு இப்போது ஓர் இடம் இருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபை போல, வார்டுக்குள் இருக்கும் வாக்காளர் எழுந்து பேசக்கூடிய கூட்டம். அங்கே பெரும்பாலும் தெருவிளக்கும் குடிநீரும் பேசப்படும், பேசப்படவும் வேண்டும். அதோடு, வரும் நிதியாண்டில் நகராட்சி என்னென்ன வாங்கப் போகிறது என்ற உத்தேசப் பட்டியலை ஏப்ரலுக்கு முன்பே வெளியிடச் சொல்லி ஒருவர் மனு கொடுக்கலாம். சீருடையையும் மற்ற துப்புரவுப் பொருள்களையும் தனித்தனி டெண்டராக வைக்கச் சொல்லி நகர்மன்றத் தலைவருக்கும் ஆணையாளருக்கும் எழுதலாம். கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தப் பொருளை யாரிடம் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணத்தோடு கேட்கலாம். பதில் வருவதற்குச் சட்டம் தரும் கெடு 30 நாள். ஜனவரியில் கேட்டால், அடுத்த ஆண்டு டெண்டர் வருவதற்கு முன்னால் காஸ்டிங் ஷீட் தயாராகிவிடும்.